ஒரு ட்ரே பிரவுனி, 10 ஆண்டு சிறை? வீட்டில் கஞ்சா கலந்து சமைத்தால் சட்டமும் உடம்பும் போடும் கணக்கு

ஹப்சிகுடாவில் நான் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில் மூன்று வீடுகளில் தமிழ்ப் பசங்க இருக்கிறார்கள். காலையில் மெட்ரோ பிடித்து ராய்துர்கம் போய், இரவு திரும்பி, ஆளுக்கொரு நாள் முறை வைத்துச் சமைப்பவர்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது அதில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, கஞ்சா புகைச்சாதானே கேஸு? வெண்ணெய்ல கலந்து வீட்லயே பிரவுனி பண்ணி நாலு பேர் சாப்பிட்டா யாருக்குத் தெரியப் போகுது? விக்கவா போறோம்?"

அவன் செய்தானா, செய்யப் போகிறானா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவன் நம்பிக்கொண்டிருந்தது மூன்று விஷயங்களை: சாப்பாட்டில் கலந்தால் சட்டம் இளகும், விற்காவிட்டால் பெரிய வழக்கு இல்லை, புகையைவிட சாப்பாடு உடம்புக்குப் பாதுகாப்பு. முதல் இரண்டும் தவறு. மூன்றாவது, நுரையீரலோடு நின்றால் ஓரளவு சரி, மற்றபடி தவறு.

அவனுக்கு அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுசாகச் சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால்

- கஞ்சாவையோ அதன் பிசினையோ உணவில் கலந்தால், சட்டத்தின் தராசில் ஏறுவது கஞ்சா மட்டுமல்ல. மாவு, சர்க்கரை, முட்டை எல்லாம் சேர்ந்த மொத்த எடை ஏறும்.
- சமைப்பதே 'தயாரிப்பு'. விற்பனை இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை.
- வீட்டில் செய்த ஒரு துண்டில் எத்தனை மில்லிகிராம் போதைப்பொருள் இருக்கிறது என்பது சமைத்தவருக்கே தெரியாது. மருத்துவமனை வரை போகிற பல கதைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

ஹைதராபாத்தில் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2025 மார்ச்சில், ஹோலி அன்று, லோயர் தூல்பேட்டில் தெலங்கானா மதுவிலக்கு மற்றும் கலால் துறையினர் கஞ்சா கலந்த குல்ஃபி, பர்ஃபி, வெள்ளித்தாள் ஒட்டிய உருண்டைகள் ஆகியவற்றைப் பிடித்தார்கள். 100 குல்ஃபி, 72 பர்ஃபி என்று அப்போதைய செய்திகள் எண்ணிக்கை தந்தன. அதற்கு முன், 2022-இல் நார்சிங்கியில் ஹாஷ் ஆயில் கலந்த சாக்லேட்டை வீட்டிலேயே செய்து விற்றதாக ஒரு கல்லூரி மாணவர் கைதானார்.

மும்பையில் 2021 ஜூலையில் மலாட் பகுதியில் ஒரு பேக்கரியில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு (என்சிபி) சோதனை நடத்தியது. அங்கே பறிமுதல் செய்ததாக அது சொன்ன எண்ணைக் கவனியுங்கள்: 830 கிராம் பிரவுனி. அது கஞ்சாவின் எடை அல்ல, கேக்கின் எடை.

இந்த ஒரு வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் மையம்.

சட்டம் எதைக் 'கஞ்சா' என்கிறது?

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985. சுருக்கமாக என்டிபிஎஸ் சட்டம். இதில் கஞ்சாச் செடி தொடர்பாக மூன்று பொருட்கள் வருகின்றன. ஒன்று, சரஸ்: செடியிலிருந்து பிரித்தெடுத்த பிசின், ஹாஷ் ஆயிலும் இதில் அடக்கம். இரண்டு, கஞ்சா: பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள். மூன்று, இவற்றில் எதையாவது வைத்துச் செய்த கலவை, அல்லது பானம்.

மூன்றாவதை மறுபடி படியுங்கள். பிரவுனி, குல்ஃபி, நெய், டீ எல்லாம் அந்த 'கலவை, பானம்' என்ற இரண்டு சொற்களுக்குள் வந்துவிடுகின்றன. 1985-இல் சட்டம் எழுதியவர்கள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பாங்கு லஸ்ஸியைப் பார்த்தவர்கள்.

அப்போ பாங்கு எப்படி விற்கிறார்கள்?

நுனி இல்லாத இலையும் விதையும் என்டிபிஎஸ் சட்டத்தின் 'கஞ்சா' வரையறைக்கு வெளியே நிற்கின்றன. பாங்கு என்பது இலை. அதனால்தான் உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் உரிமம் கொடுத்து பாங்கு கடைகளை நடத்த விடுகின்றன. 2022 ஆகஸ்ட்டில் கர்நாடக உயர் நீதிமன்றம், பாங்கு என்டிபிஎஸ் சட்டத்துக்குள் வராது என்று சொல்லி ஒருவருக்கு ஜாமீன் கொடுத்தது.

இதைப் படித்துவிட்டு "இலை போட்டா ஓகே" என்று முடிவு கட்ட வேண்டாம். இலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநிலக் கலால் மற்றும் மதுவிலக்குச் சட்டங்களிடம் இருக்கிறது. காசியில் உரிமம் பெற்ற கடை இருப்பதால் ஹப்சிகுடாவிலோ சென்னையிலோ உரிமம் கிடைத்துவிடாது. இன்னொன்று: தெருவில் கிடைக்கும் பொட்டலத்தில் இலை மட்டும் தனியாக வருவது அரிது. ஒரு நுனி கலந்திருந்தாலும் வரையறை மாறிவிடும்.

பிரவுனியை எப்படி எடை போடுவார்கள்?

இங்கேதான் தம்பியின் கணக்கு உடைகிறது. என்டிபிஎஸ் சட்டத்தில் தண்டனை எடையைப் பொறுத்தது. மூன்று படிகள் உண்டு: சிறிய அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு.

கஞ்சாவுக்குச் சிறிய அளவின் உச்சவரம்பு 1 கிலோ; வணிக அளவு 20 கிலோவுக்கு மேல். சரஸ், ஹாஷ் வகைக்குச் சிறிய அளவு 100 கிராம். வணிக அளவு 1 கிலோவுக்கு மேல்.

தண்டனை (பிரிவு 20):

- சிறிய அளவு: 1 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
- இடைப்பட்ட அளவு: 10 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.
- வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அபராதம் 1 லட்சம் முதல் 2 லட்சம் வரை.

எடை என்றால் எது? சுத்தமான போதைப்பொருளா, கலந்த மொத்தமா? இதற்கு உச்ச நீதிமன்றம் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

2008-இல் இ.மைக்கேல் ராஜ் வழக்கில் பிடிபட்டது 4 கிலோவுக்குச் சற்று மேல். அதில் ஹெராயின் ஒன்றரை சதவீதம்தான், அதாவது சுமார் 60 கிராம். சுத்தமான அளவைத்தான் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டே, 2009 நவம்பரில், மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு கலவையின் முழு எடையையும் எடுக்க வேண்டும் என்றது. 2020 ஏப்ரல் 22 அன்று ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, 2008 தீர்ப்பு சரியல்ல என்று சொல்லி, கலந்திருக்கும் நடுநிலைப் பொருளின் எடையும் சேரும் என்று முடித்துவைத்தது.

சரி, இப்போது ஒரு ட்ரேயைத் தராசில் வைப்போம். இது கற்பனை ட்ரே. எடை 1,200 கிராம்.

முதல் கணக்கு: ட்ரேயில் போனது 50 கிராம் கஞ்சா. தனியாகப் பிடிபட்டால் சிறிய அளவு, அதிகபட்சம் 1 ஆண்டு. பிரவுனியாகப் பிடிபட்டால் 1,200 கிராம். 1 கிலோ வரம்பைத் தாண்டிவிட்டது. இடைப்பட்ட அளவு, 10 ஆண்டு வரை.

இரண்டாவது கணக்கு: போனது 10 கிராம் ஹாஷ் ஆயில். தனியாகப் பிடிபட்டால் இதுவும் சிறிய அளவுதான். பிரவுனியாகப் பிடிபட்டால் அதே 1,200 கிராம், ஆனால் இந்த வகைக்கு வணிக அளவே 1 கிலோதான். குறைந்தபட்சம் 10 ஆண்டு.

10 கிராம் பொருள். மீதி 1,190 கிராம் மைதா, வெண்ணெய், சர்க்கரை, கோகோ. ஓராண்டுக்கும் பத்தாண்டுக்கும் நடுவில் நிற்பது மளிகைச் சாமான்.

"பிரவுனியைப் போய் நடுநிலைப் பொருள்னு சொல்ல முடியுமா? எடையைக் கூட்டி விக்கிறதுக்காகக் கலந்ததா அது?" என்று ஒரு வழக்கறிஞர் வாதிடலாம். நல்ல வாதம். வெண்ணெயில் இறங்கியது கஞ்சாவா, பிசினா என்பதையும் கேட்கலாம்; அதைத் தடயவியல் ஆய்வகம் சொல்லும். ஆனால் வணிக அளவு என்று எஃப்ஐஆர் போட்டுவிட்டால், இந்த வாதமெல்லாம் நடக்கும்போது நீங்கள் பெரும்பாலும் உள்ளே இருப்பீர்கள். பிரிவு 37-இன்படி, குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே விட்டால் மறுபடி குற்றம் செய்யமாட்டார் என்று நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் ஜாமீன். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப் போலீசுக்கு 180 நாள் அவகாசம், நீட்டிக்கவும் வழி உண்டு. கடைசியில் ஜெயித்தாலும் அந்த நாட்கள் திரும்பி வராது.

விற்கவில்லையே, நாலு பேர் சாப்பிட்டதுதானே?

பிரிவு 20, வைத்திருப்பது, வாங்குவது, தயாரிப்பது, பயன்படுத்துவது என்று வரிசையாகப் பட்டியலிடுகிறது. விற்பனை அதில் ஒன்று மட்டுமே. 'தயாரிப்பு' என்ற சொல்லின் வரையறையில், போதைப்பொருள் கலந்த கலவையைச் செய்வதும் அடக்கம். ஆக, அடுப்பைப் பற்றவைத்தவர் சட்டத்தின் பார்வையில் தயாரிப்பாளர்.

சாப்பிட்டவருக்குத் தனியாகப் பிரிவு 27: கஞ்சா வகைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ரூம்மேட் கதை இன்னும் சிக்கல். வீடு யார் பெயரில் வாடகைக்கு இருக்கிறதோ அவர், இது நடப்பது தெரிந்தே அனுமதித்தால், பிரிவு 25 அவர் மேலும் பாயும். பொருள் ஒருவர் வசம் இருந்தது என்று காட்டிவிட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் அவர் மேல் விழுகிறது. மற்ற குற்ற வழக்குகளில் நமக்குப் பழக்கமான கணக்கு இங்கே தலைகீழ். ஃப்ரிட்ஜ் பொது, டப்பா யாருடையது என்று யோசித்துப் பாருங்கள்.

சொல்லாமல் கொடுத்தால்? "சும்மா ஜோக்குக்கு" என்று நண்பருக்குத் தெரியாமல் ஊட்டுவது வேறு குற்றம். தீங்கு விளைவிக்கும் நோக்கத்தோடு போதைப்பொருள் கொடுப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 123-இல் 10 ஆண்டு வரை தண்டனை உண்டு. 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குக் கொடுத்தால் சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 77, 7 ஆண்டு வரை.

ஹப்சிகுடாவைச் சுற்றி சிசிஎம்பி, ஐஐசிடி, என்ஜிஆர்ஐ என்று மத்திய அரசு ஆய்வகங்கள் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், பணி இடைநீக்கம் தானாகவே அமலாகும். தனியார் வேலை என்றால் பின்னணிச் சரிபார்ப்பு, பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை, விசா விண்ணப்பத்தில் "உங்கள் மீது வழக்கு உண்டா" என்ற கேள்வி. தீர்ப்பு வரும் முன்பே வாழ்க்கை நின்றுபோகிற இடங்கள் இவை.

உடம்பின் கணக்கு: ஏன் 'இன்னும் ஏறலையே' ஆபத்து?

போதை தருவது டிஎச்சி என்ற வேதிப்பொருள். புகைத்தால் அது நுரையீரல் வழியாகச் சில நிமிடங்களில் மூளைக்குப் போகும். எவ்வளவு ஏறியது என்று உடனே தெரியும், நிறுத்திக்கொள்ளலாம். சாப்பிட்டால் வயிறு, குடல், கல்லீரல் என்று சுற்றிப் போகிறது. கல்லீரலில் டிஎச்சியின் ஒரு பகுதி, வீரியம் குறையாத இன்னொரு வடிவமாக மாறி மூளைக்குச் செல்கிறது.

விளைவு தெரிய அரை மணி முதல் 2 மணி நேரம் ஆகலாம். உச்சம் அதற்கும் பிறகு. முழுவதும் இறங்க 8 மணி நேரம், சிலருக்கு 12 மணி நேரம்கூட ஆகும். வயிறு நிறைந்திருந்தால் இன்னும் தாமதம். இந்த இடைவெளியில்தான் மனிதர்கள் இரண்டாவது துண்டை எடுக்கிறார்கள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரி 1 முதல் கஞ்சா சட்டப்படி விற்பனைக்கு வந்தது. ஒரு பரிமாறலுக்கு 10 மில்லிகிராம் டிஎச்சி என்று அளவும் வைத்தார்கள். அந்த மார்ச்சிலேயே, 19 வயது மாணவர் ஒருவர் ஒரு குக்கீயில் சிறு துண்டு சாப்பிட்டார். அரை மணி நேரத்துக்கு மேலாகியும் ஒன்றும் தெரியவில்லை. மிச்சத்தையும் சாப்பிட்டார். அந்தக் குக்கீயில் இருந்தது ஆறு பேருக்கான அளவு. சில மணி நேரத்தில் டென்வர் ஹோட்டல் பால்கனியிலிருந்து குதித்து இறந்தார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015-இல் இதை ஆவணப்படுத்தியது.

இது ஒரு கதை மட்டுமே, டேட்டா எங்கே என்று கேட்பீர்கள். 2014 முதல் 2016 வரை கொலராடோவில் விற்ற மொத்த டிஎச்சியில் உணவுப் பொருட்களின் பங்கு 0.32 சதவீதம். ஆனால் அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில், கஞ்சா காரணமாக அவசர சிகிச்சைக்கு வந்தவர்களில் 10.7 சதவீதம் பேர் உணவாகச் சாப்பிட்டவர்கள். 2019-இல் வெளியான ஆய்வு இது. விற்பனைப் பங்குக்கும் அவசர சிகிச்சைப் பங்குக்கும் இடையே சுமார் 33 மடங்கு வித்தியாசம்.

அதுவும் ஆய்வகத்தில் சோதித்து, லேபிள் ஒட்டி விற்ற பொருள். நம்ம ஊர் பொட்டலத்தில் எத்தனை சதவீதம் டிஎச்சி என்று யாருக்கும் தெரியாது. டிஎச்சி கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. மாவில் சீராகப் பரவாது. ஒரே ட்ரேயில் ஓரத்துத் துண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், நடுத்துண்டு ஆளைச் சாய்க்கலாம். பாயசத்தில் முந்திரி மாதிரி: சிலர் கரண்டியில் நாலு வரும், சிலருக்கு ஒன்றும் வராது.

கஞ்சா மட்டும் அதிகமாகி ஆரோக்கியமான பெரியவர்கள் இறப்பது மிக அரிது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடும் பதற்றம், நெஞ்சு படபடப்பு, வாந்தி, யாரோ கொல்ல வருவதுபோன்ற பயம், சிலருக்கு மனப்பிறழ்வு நிலை எல்லாம் வரும். இதய நோய் உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் "நான் நார்மலாதான் இருக்கேன்" என்று பைக்கை எடுப்பவருக்கு, உப்பல் ரோட்டில் பாதி வழியில் ஏறலாம்.

வீட்டில் குழந்தை இருந்தால்?

புகையும் பீடியைக் குழந்தை எடுக்காது. சாக்லேட்டை எடுக்கும். அமெரிக்காவில் 6 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் கஞ்சா உணவைச் சாப்பிட்டதாக நச்சு மையங்களுக்கு வந்த தகவல்கள் 2017-இல் 207, 2021-இல் 3,054. பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தவை. குழந்தைகளுக்கு அது ஆழ்ந்த மயக்கம், மூச்சுத் தடுமாற்றம் வரை போகும். அண்ணன் வீட்டுக்குக் குழந்தையோடு ஊரிலிருந்து வருபவர்கள் ஃப்ரிட்ஜைத் திறக்காமலா இருப்பார்கள்?

ஐநாவே நீக்கிடுச்சே? தாய்லாந்துல ஓகேதானே?

2020 டிசம்பரில் ஐநா போதைப்பொருள் ஆணையம் 27-க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை நான்காம் அட்டவணையிலிருந்து எடுத்தது உண்மை. இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. ஆனால் முதலாம் அட்டவணையில் கஞ்சா இன்னும் இருக்கிறது. மருத்துவ ஆய்வுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது, சமையலறைக்கு அல்ல.

தாய்லாந்து 2022 ஜூனில் தளர்த்தியது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று மறுபடி இறுக்கியது. பாங்காக்கில் வாங்கிய குக்கீயைப் பையில் போட்டு விமானம் ஏறினால், இறங்கும் இடத்தில் அது போதைப்பொருள் இறக்குமதி.

சட்டப்படி எதுவுமே கிடையாதா?

உண்டு. ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை எஃப்எஸ்எஸ்ஏஐ 2021 நவம்பரில் உணவாக அங்கீகரித்தது. விதையில் டிஎச்சி கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராம் என்பது வரம்பு. அதாவது போதை வராது, புரதம் வரும். சட்னிப்பொடியில் சேர்க்கலாம். இலையை மூலப்பொருளாகக் கொண்ட ஆயுர்வேத மருந்துகளும் உரிமத்தோடு, மருத்துவர் சீட்டின் பேரில் கிடைக்கின்றன. அவை மருந்து, சமையல் சாமான் அல்ல.

ஏற்கெனவே யாராவது சாப்பிட்டுவிட்டால்?

பெரியவர் என்றால்: தனியாக விடாதீர்கள். பால்கனி, மொட்டை மாடி, வண்டிச் சாவி மூன்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். மேலே மது வேண்டாம். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மயக்கமானால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நெஞ்சு வலி, நிற்காத வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு இருந்தால் 108-ஐ அழையுங்கள். குழந்தை என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனை. டாக்டரிடம் என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு என்று உண்மையைச் சொல்லுங்கள். போலீஸ் பயத்தில் "ஃபுட் பாய்சன்" என்று சொன்னால் தேவையில்லாத சோதனைகளில் நேரம் போகும்.

பழக்கமாகிவிட்டது, விட முடியவில்லை என்றால்: பிரிவு 64ஏ-இன்படி, சிறிய அளவு அல்லது பயன்பாட்டு வழக்கில் உள்ள அடிமையானவர், அரசு அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு பெறலாம். சிகிச்சையை முடிக்க வேண்டும். தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, இலவசம்.

2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வுப்படி, ஓராண்டுக்குள் கஞ்சா வகை ஏதாவது ஒன்றைப் பயன்படுத்திய இந்தியர்கள் சுமார் 3.1 கோடி. சட்டம் கடுமையாக இருந்தும் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்றால், சட்டம் சரியா என்று கேட்பதில் தவறில்லை. 10 கிராமுக்கும் 1,200 கிராமுக்கும் ஒரே தண்டனை நியாயமா என்ற கேள்வியை நானும் கேட்கிறேன். ஆனால் அந்த விவாதம் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் முடியும்வரை, தராசு இப்போது இருக்கிற மாதிரிதான் இருக்கும்.

தம்பியிடம் அன்று இந்த 1,200 கிராம் கணக்கை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ மைதாவுக்குமாண்ணா ஜெயிலு?" என்றான்.

ஆமாம் தம்பி. மைதாவுக்கும்தான்.